இடது பக்கத்து மட்கார்டு

மட்கார்டை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரை ஓட்டி வந்தாள் ஜெனிஷா. காளவாசல் சிக்னலில் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் அந்தத் தகரத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், கழண்டுருச்சா?" என்றார்.

"ஒடஞ்சுருச்சுண்ணே."

பச்சை விழுந்ததும் அவருக்கு முன்னால் வண்டியைக் கிளப்பி, கடைகளுக்கு நடுவே இருந்த சந்துக்குள் திரும்பி, ஜூடுவின் வெல்டிங் பட்டறை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

ஜெனிஷாவுக்கு இடது கால் குழந்தையிலேயே போலியோவில் சூம்பிவிட்டது. ஒரு கைத்தடியை ஊன்றி நடப்பாள். சமயநல்லூர் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் மேல்நிலை வகுப்புக்கு விலங்கியல் ஆசிரியை. பெத்தானியாபுரத்து வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகவும், கோயிலுக்குப் போகவும், அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவும் எல்லாவற்றுக்கும் அந்த ஸ்கூட்டர்தான். பின்னால் இருந்த ஒற்றைச் சக்கரத்தை எடுத்துவிட்டு, சீட்டுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு சக்கரம் வைத்து, மூன்று சக்கர வண்டியாக மாற்றிக் கட்டியது. வெளியூர்ப் பட்டறை ஒன்றில் செய்து வாங்கினாள். இரண்டு சக்கரத்துக்கும் மேலே வளைந்த தகர மட்கார்டு. அதை அச்சோடு பிடித்து நிறுத்துவது உள்ளங்கை நீளத்துக்கு ஓர் இரும்புப் பட்டை. பட்டறையில் அதைப் பிராக்கெட் என்பார்கள். இடது பக்கத்துப் பிராக்கெட்தான் திரும்பத் திரும்ப விரிசல் விட்டுக்கொண்டிருந்தது.

வெல்டிங் முகமூடியை நெற்றிக்கு மேலே தூக்கிக்கொண்டு ஜூடு வெளியே வந்தான்.

"மறுபடியுமா டீச்சர்? எங்க வெச்சு?"

"பரவை தாண்டி, நாலு வழிச் சாலையில. ஸ்கூல் விட்டு வந்துக்கிட்டிருந்தேன். டயர் தீயிற வாடை வந்துச்சு. கொஞ்ச நேரத்துல கர்ருனு சத்தம். தகரம் டயர் மேல படுத்துருச்சு போல, வண்டி இடது பக்கமா இழுக்குது."

"பிரேக் புடிச்சீங்களா?"

"புடிக்கல. புடிச்சா சுத்திரும்ல? ஆக்சிலேட்டர விட்டுட்டு, ஹேண்டில மட்டும் அசையவிடாம அமுத்திப் புடிச்சுக்கிட்டேன். அதுவா ஓரத்துல போயி நின்னுச்சு. எறங்கி மிச்சமிருந்த நட்டக் கழட்டி, தகரத்த எடுத்து மடியில வெச்சுட்டு வந்துட்டேன்."

"பின்னாடி வண்டி எதும் வரலயா?"

"லாரி ஒண்ணு வந்துச்சு. ஹார்ன் அடிச்சுட்டுப் போயிட்டான்."

காய் வாங்கிவந்த கதையைப்போலச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த ஜூடுதான் முகமூடியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு இடது சக்கரத்தருகே குனிந்தான். வேகமாக ஓடுகிற மூன்று சக்கர வண்டியில் ஒரு பின்சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். நன்றாக வண்டி ஓட்டத் தெரிந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பயத்தில் பிரேக்கைத்தான் பிடிப்பார்கள். டீச்சர் பிடிக்கவில்லை. அதை அவன் அன்று இரவு மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தான்.

ஜூடு பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவன். கோயம்புத்தூரில் பம்பு கம்பெனியில் சில வருடம் இருந்துவிட்டு, ஊருக்கு வந்து சொந்தமாகப் பட்டறை போட்டிருந்தான். கேட், கிரில், மொட்டைமாடிக் கூரை, உடைந்த சைக்கிள் என்று எது வந்தாலும் செய்வான். செய்த வேலை திரும்பி வந்தால் மட்டும் அவனுக்குச் சோறு இறங்காது. இந்தப் பிராக்கெட்டோ ஏற்கெனவே இரண்டு தடவை அவன் கையால் பற்றவைத்துப் போனது.

அதனால் இந்தத் தடவை உடனே வெல்டிங் கம்பியை எடுக்கவில்லை. உடைந்த துண்டைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வலது பக்கம் முழுசாக இருந்த பிராக்கெட்டையும் கழற்றினான். அதன் மேல் மண்ணெண்ணெயைத் தடவி, சற்று ஊறவிட்டுத் துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு, "டீச்சர், சாக்பீஸ் இருக்கா?" என்றான்.

கைப்பையில் எப்போதும் இருக்கும். எடுத்துக் கொடுத்தாள். அதைப் பொடித்துப் பட்டை முழுக்கத் தூவினான். எங்காவது கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால், அதற்குள் போன மண்ணெண்ணெய் கசிந்து வந்து வெள்ளைப் பொடியில் கோடு போட்டுக் காட்டும். வலது பக்கத்துப் பட்டையில் ஒரு கோடும் விழவில்லை. புதுசு மாதிரி இருந்தது.

"இது சுத்தமா இருக்கு. இப்ப இதப் பாருங்க" என்று உடைந்த துண்டின் வாயை அவளிடம் நீட்டினான். "மேல் பாதி கறுத்துத் துருப் புடிச்சிருக்கு. கீழ்ப் பாதி பளபளன்னு இருக்கு. தெரியுதா?"

"மேல் பாதி முன்னாடியே ஒடஞ்சது. கீழ்ப் பாதி இன்னைக்கு ஒடஞ்சது."

"அதான். மேல இருந்து கொஞ்சம் கொஞ்சமா கீறிக்கிட்டே வந்திருக்கு. ரோட்டுல குலுங்கி ஒடஞ்சா மேலயும் கீறும், கீழயும் கீறும். இது மேல மட்டும்தான். யாரோ மேல இருந்து அமுக்குற மாதிரி இருக்கு. மட்கார்டு மேல எதாச்சும் வெப்பீங்களா? பை, சாமான் எதாச்சும்?"

"பை முன்னாடி கால் வெக்கிற எடத்துல இருக்கும். தடிக்குத் தனியா கிளிப் இருக்கு. மட்கார்டு மேல எதும் வெக்க மாட்டேனே."

"யாரையாச்சும் பின்னாடி ஏத்துவீங்களா?"

"அம்மாவ ஏத்துவேன். அவங்க சீட்டுலதான் ஒக்காருவாங்க. அதுவும் மாசத்துக்கு ஒருக்கா."

ஜூடு தாடையைச் சொறிந்தான். இடது சக்கரம் எப்போதும் சாலையோரத்துப் பள்ளத்திலும் மண்ணிலும் ஏறி இறங்குவதால் அந்தப் பக்கம் அடி அதிகம் என்று முடிவுக்கு வந்தான். அப்படியானால் மேல் பக்கம் மட்டும் ஏன் கீற வேண்டும் என்பது அவனுக்கே இடித்தது. ஆனாலும் வேறு காரணம் கிடைக்கவில்லை. பழைய பட்டையைப்போல் இரண்டு மடங்கு கனத்தில் புதுப் பட்டை வெட்டி, ஓரங்களைத் தேய்த்து உருட்டி, போல்ட் போட்டு முறுக்கினான்.

"இனி இது ஒடையாது டீச்சர்" என்றான்.

அவன் சொன்னது பொய்யாகவில்லை. பட்டை உடையவில்லை. கிறிஸ்மஸ் போய், பொங்கல் போய், பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு தொடங்கும் வாரத்தில், இடது பக்கம் புதிதாக ஒரு 'டிக் டிக்' சத்தம் கேட்கிறது என்று ஜெனிஷா வண்டியைக் கொண்டுவந்து விட்டாள். ஜூடு வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தான். நெடுநேரம் எழுந்திருக்கவில்லை.

"என்னாச்சு தம்பி?"

எழுந்து உட்கார்ந்தான். "பட்டை கனமா இருந்ததால அது தாங்கிருச்சு. அந்த அடியெல்லாம் அச்சுக்குப் போயிருச்சு. பட்டைய போல்ட் போட்டு முறுக்க ஓட்டை வெச்ச காது இருக்குல்ல, அது அச்சுக்குழாயோட சேர்ற எடத்துல விரிசல் விட்டுருக்கு. மட்கார்டு கழண்டா தகரம்தான் போகும். அச்சு போனா சக்கரமே போயிரும்."

"பத்தவெச்சுக் குடுங்க. நாளைக்கு எனக்கு வாடிப்பட்டியில டூட்டி. செய்முறைத் தேர்வுக்கு வெளி ஸ்கூல்ல இருந்து என்னைத்தான் போட்டிருக்காங்க."

"மாட்டேன் டீச்சர்."

ஜெனிஷா அவனைப் பார்த்தாள்.

"எதுனால ஒடையுதுன்னு எனக்குத் தெரியல. தெரியாம இன்னொரு தடவ பத்தவெச்சா, அது நான் உங்கள ஏமாத்துறதுதான். நான் கனமாப் போட்டதுனாலதான் விரிசல் அச்சுக்குப் போச்சு. அதுவும் என் தப்புத்தான். வண்டி இங்கயே இருக்கட்டும். கண்டுபுடிக்காம விடமாட்டேன்."

வேறொருவராக இருந்தால் சண்டை போட்டிருப்பார்கள். ஜெனிஷாவுக்கு அவன் சொன்ன விதம் பிடித்திருந்தது. தெரியாததைத் தெரியாது என்று இவ்வளவு நேராகச் சொல்லும் ஆளை அவள் ஆசிரியர் அறையில்கூட அதிகம் பார்த்ததில்லை. தடியை எடுத்துக்கொண்டு, "அப்ப நான் பஸ்ஸுல போயிக்கிறேன்" என்று கிளம்பினாள்.

பஸ்ஸில் போவது அவளுக்கு லேசான காரியமில்லை. உயரமான படி. தடியை முதலில் உள்ளே போட்டு, இரண்டு பக்கக் கம்பியையும் பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்ள வேண்டும். வாடிப்பட்டியில் ஐந்து நாள் டூட்டி. ஐந்து நாளும் தேர்வு தொடங்குவதற்கு முன்பே போய், நுண்ணோக்கிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வைத்துவிட்டுத்தான் பிள்ளைகளை உள்ளே விட்டாள். பயந்துபோய் நின்ற பிள்ளைகளிடம், "நான் உங்கள ஃபெயில் பண்ண வரல, தெரிஞ்சதக் கேக்க வந்திருக்கேன்" என்று சொல்லி அவர்களைப் பேசவைத்தாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம், பஸ் ஸ்டாப் பக்கத்துக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, எதிரில் ஒரு மூன்று சக்கர ஸ்கூட்டர் நிற்பதைப் பார்த்தாள். அவள் வண்டியைப் போலவே மாற்றிக் கட்டியது. பின்பெட்டியில் பால் கேன்கள். மட்கார்டைக் கட்டுக்கம்பியால் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தது. ஜெனிஷா டீயை வைத்துவிட்டு எழுந்து போய்க் குனிந்து பார்த்தாள். அதே மாதிரிப் பிராக்கெட்; அதே இடத்தில் விரிசல். ஆனால் கட்டுக்கம்பி சுற்றியிருந்தது வலது பக்கத்தில்.

"என்ன தாயி, வண்டி வெலைக்கு வேணுமா?" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது.

ஐம்பது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் ஊன்றுகோல். வலது கால் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். பெயர் பேயாண்டி. சுற்றியிருந்த ஊர்களில் வீடு வீடாகப் போய்ப் பால் அளந்து வாங்கிப் பால் பண்ணைக்குக் கொடுப்பவர். கதிரடிக்கும் இயந்திரத்தில் கால் போனபிறகு, விவசாயத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்ததாகச் சொன்னார்.

"இந்த மட்கார்டு அடிக்கடி ஒடையுதாண்ணே?"

"அதக் கேக்காதீக. மாசத்துக்கு ரெண்டு வாட்டி ஒடையுது. இங்கன இருக்குற வெல்டர்க எல்லாருக்கும் என் வண்டிய மனப்பாடமாத் தெரியும். பால் வெயிட்டு தாங்காமத்தேன் ஒடையுதுங்குறாய்ங்க."

"கேனெல்லாம் நடுவுலதான இருக்கு? அப்ப வலது பக்கம் மட்டும் ஏன் ஒடையணும்?"

பேயாண்டி வண்டியை ஒரு தடவை பார்த்தார். "அது நாயந்தேன்" என்றார்.

"ஞாயித்துக்கிழமை மதுரைக்கு வர முடியுமாண்ணே? காளவாசல்ல ஒரு தம்பி இருக்காரு. என் வண்டிக்கும் இதே சீக்குத்தான். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தாத்தான் என்னன்னு தெரியும்."

முன்பின் தெரியாத ஒரு டீச்சர் கூப்பிட்டதற்காக, காலைப் பாலை முடித்த கையோடு பேயாண்டி ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு தூரம் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். ஜெனிஷா கோயிலில் ஞாயிறு ஆராதனை முடிந்து ஆட்டோவில் நேரே பட்டறைக்கு வந்திருந்தாள். ஜூடுவுக்கு ஞாயிறு விடுமுறை. இதற்காகவே ஷட்டரைத் தூக்கியிருந்தான். எதிரே டீக்கடை வைத்திருந்த நாகஜோதி எல்லாருக்கும் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வேடிக்கை பார்க்க ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

இரண்டு வண்டியும் ஒன்றை ஒன்று ஒட்டி நின்றன. ஜூடு பேயாண்டியின் பட்டையைக் கழற்றி மண்ணெண்ணெய் தடவி, சாக்பீஸ் தூவினான். கோடு மேலிருந்துதான் இறங்கியது. வெல்டிங் வைத்த இடத்துக்குப் பக்கத்தில் பழைய வெல்டிங், அதற்குப் பக்கத்தில் இன்னும் பழசு.

"எனக்கு இடது பக்கம். அண்ணனுக்கு வலது பக்கம். ரெண்டும் மேல இருந்து கீறுது" என்றாள் ஜெனிஷா.

"அப்ப ரோட்டு ஓரப் பள்ளம்னு நான் சொன்னது தப்பு" என்றான் ஜூடு. "அண்ணே, வலது பக்கம் எதாச்சும் தொங்கவிடுவீங்களா? அளவுப் படி, பக்கெட்டு?"

"ஒண்ணும் தொங்கவிடுறதில்லப்பா. எல்லாம் நடுப்பெட்டிக்குள்ளதேன்."

ஜூடு அச்சை அளந்தான். சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கோணல் இருக்கிறதா என்று பார்த்தான். டயரில் காற்று பார்த்தான். வண்டியை மேடான இடத்திலிருந்து உருட்டிவிட்டுப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. மதியம் ஆகிவிட்டது. பேயாண்டி வானத்தைப் பார்த்தார்.

"தம்பி, கோவிச்சுக்காத. இப்பக் கெளம்புனாத்தேன் சாயங்காலப் பாலுக்குப் போக முடியும். ஒரு பொட்டு வெச்சு விட்டீன்னா வீடு போயிச் சேந்துருவேன்."

வேறு வழியில்லாமல் ஜூடு பட்டையைத் தற்காலிகமாகப் பற்றவைத்து மாட்டிக் கொடுத்தான். பேயாண்டி ஊன்றுகோலை வண்டியில் செருகிவிட்டு ஏறத் தயாரானார். ஜூடு திரும்பி, மேசை மேல் கிடந்த ஸ்பேனர்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தான். நாகஜோதி காலிக் கிளாஸ்களைப் பார்த்துக் குனிந்தாள். கால் சரியில்லாத ஒருவர் சிரமப்பட்டு வண்டியில் ஏறும்போது உற்றுப் பார்க்கக் கூடாது என்பது இருவருக்கும் பழகிப்போன மரியாதை. ஜெனிஷா ஏறும்போதும் இறங்கும்போதும் ஜூடு இத்தனை நாளும் அப்படித்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

ஜெனிஷாவுக்கு அந்தக் கூச்சம் இல்லை. செயற்கைக் காலை வைத்துக்கொண்டு அவர் எப்படி ஏறுகிறார், தன்னைவிடச் சுளுவாக ஏதாவது வழி வைத்திருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேயாண்டி சீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றார். வலது உள்ளங்கையைப் பின்னால் கொண்டுபோய் மட்கார்டின் மேல் ஊன்றினார். 'ஹும்' என்று மூச்சைப் பிடித்து, உடம்பு மொத்தத்தையும் அந்தக் கையில் ஏற்றி, ஒரே எம்பில் சீட்டில் உட்கார்ந்தார். மட்கார்டு ஒரு விரல் கீழே போய் மேலே வந்தது.

"அண்ணே, எறங்குங்க."

"என்னத்தா?"

"எறங்கி இன்னொரு வாட்டி ஏறுங்கண்ணே. தம்பி, இங்க திரும்புங்க. பாருங்க."

"ஏறட்டும் டீச்சர், அவரு பாட்டுக்கு..."

"ஏறுறதத்தான் பாக்கச் சொல்றேன். வெக்கப்படாம பாருங்க."

பேயாண்டி ஒன்றும் புரியாமல் இறங்கினார். மறுபடி உள்ளங்கையை ஊன்றினார். எம்பினார். இந்தத் தடவை ஜூடு மண்டிபோட்டுப் பட்டைக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்த்தான். தகரம் இறங்கியது. அதோடு சேர்ந்து பட்டை வளைந்தது. அவன் சற்று முன் வைத்த பொட்டின் ஓரத்தில், மேல் பக்கம், மயிர் அளவுக்கு ஒரு விரிசல் வாய் திறந்து மூடியது.

ஜூடு எழுந்திருக்கவே இல்லை. "அய்யோ" என்றான்.

ஜெனிஷா தன் வண்டியின் இடது பக்கம் போய் நின்றாள். தடியைக் கிளிப்பில் மாட்டினாள். எப்போதும் ஏறுவதுபோல் ஏறப் போனாள். இடது கை தானாகப் பின்னால் போய் மட்கார்டு இருந்த இடத்தைத் தேடியது. மட்கார்டைக் கழற்றிவைத்திருந்ததால் கை வெறும் டயரில் பட்டது. அப்படியே நின்று, அந்தக் கையை முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து பார்த்தாள்.

"தம்பி, மட்கார்டு மேல என்ன வெப்பீங்கன்னு கேட்டீங்கள்ல? பை வெக்கல, சாமான் வெக்கலன்னு சொன்னேன். என்னையே தூக்கி வெச்சிருக்கேன். இத்தன வருசமா என் கை அங்க போறது எனக்கே தெரியல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நடக்குறவன் எந்தக் கால மொதல்ல வெக்கிறோம்னு பாத்துக்கிட்டா நடக்குறான்?" என்ற ஜூடு, "நான்தான் பாத்திருக்கணும்" என்றான். "வண்டி நிக்கும்போது பாத்தேன். வண்டி ஓடும்போது பாத்தேன். நீங்க ஏறும்போது மட்டும் பாக்கல."

பேயாண்டிக்கு இப்போதுதான் விளங்கியது. தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "வீட்டுக்கு வீடு எறங்கி ஏறுறேன். ஒரு நாளைக்கு எம்புட்டுத் தடவ! பாவம், அந்தத் தகரம் எம்புட்டு நாளைக்குத்தேன் என்னையத் தாங்கும்? பால் மேல பழியப் போட்டுட்டாய்ங்களே!"

ஜூடு சும்மா இருக்கவில்லை. கழுத்தில் கிடந்த துண்டை எடுத்துத் தன் இடது காலை முழங்காலில் மடக்கி இறுக்கிக் கட்டினான். ஜெனிஷாவின் தடியை வாங்கிக்கொண்டு, நொண்டியடித்து அவள் வண்டிக்குப் பக்கத்தில் போனான். மட்கார்டு இல்லாமல் ஏற முயன்றபோது ஒரு கை காற்றில் துழாவ, அப்படியே சரிந்து சாக்கின் மேல் விழுந்தான்.

"ஏப்பா ஜூடு, ஞாயித்துக்கிழமையும் அதுவுமா என்னத்தக் குடிச்ச?" என்று நாகஜோதி கத்த, தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். எல்லாரையும்விட ஜெனிஷாதான் பலமாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "மொதல்ல முதுகக் காட்டுங்க. சீட்டப் பாத்து நின்னா ஏற முடியாது. நல்ல கால ஊனுங்க. இப்ப கைய எங்க வெக்கணும்னு தோணுது?" என்று சொல்லிக் கொடுத்தாள்.

விழுந்து எழுந்து விழுந்து, கடைசியில் ஜூடு ஏறிவிட்டான். கை தேடிய இடம் மட்கார்டின் உச்சி இல்லை, அதற்கு ஒரு சாண் முன்னால், சற்று உள்ளே தள்ளி என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. மட்கார்டைத் தவிர வேறு எதுவும் பிடிக்கக் கிடைக்காததால்தான் கை அங்கே போய்ப் பழகியிருக்கிறது.

"தடி வெக்கக் கிளிப்பு குடுத்தவன், கை வெக்க ஒரு எடம் குடுக்கலயே" என்றான் கட்டை அவிழ்த்துக்கொண்டே.

பேயாண்டி ஊரில் இருந்த தன் தம்பிக்கு போன் போட்டு, சாயங்காலப் பாலை நீ போய் எடு என்று சொல்லிவிட்டார். மூவரும் வேலையில் இறங்கினார்கள். ஜெனிஷா உள்ளங்கையில் சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டாள். ஜூடு ஒரு பலகையைத் தூக்கிப் பிடிக்க, அவள் ஏறினாள். வெள்ளைக் கை விழுந்த இடத்தைக் குறித்துக்கொண்டான். பலகையை மேலே, கீழே, முன்னே என்று மாற்றி மாற்றிப் பிடித்தான். "இன்னும் கொஞ்சம் கீழ... இல்ல, இது தோள்பட்டைய இழுக்குது... இது சரி. இங்க வெச்சா முழங்கை நேரா நிக்குது" என்று அவள் சொல்லச் சொல்ல, ஓர் இடம் அமைந்தது.

பிறகு தடித்த குழாயை வளைத்து ஒரு கைப்பிடி செய்தான். அச்சில் அதைப் பொருத்தவில்லை. மட்கார்டைத் தொடவும் விடவில்லை. சீட்டுக்குக் கீழே வண்டியின் முதுகெலும்பாக ஓடும் சட்டத்தில், இரண்டு இடத்தில் சேர்த்துப் பற்றவைத்தான். அச்சில் இருந்த விரிசலின் நுனியைத் தேடிப் பிடித்து, அது மேற்கொண்டு ஓடாமல் இருக்க அங்கே சிறு ஓட்டை போட்டான். விரிசலை முழுக்கத் தேய்த்தெடுத்துவிட்டு, புதிதாகக் காது வைத்துப் பற்றவைத்தான். தான் போட்ட கனமான பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, பழையபடி மெல்லிய பட்டையையே வெட்டினான்.

"ஏன் தம்பி மெல்லிசா?"

"இனி அது தகரத்த மட்டும் சுமந்தாப் போதும் டீச்சர். நம்ம வெயிட்டு அது தலையில விழக் கூடாது."

பொழுது சாய்ந்தபோது கைப்பிடி ஆறியிருந்தது. பழைய சைக்கிள் ஒன்றின் ரப்பர் உறையை அதில் ஏற்றினான். முதலில் தானே அதில் தொங்கிப் பார்த்தான். பிறகு ஒதுங்கி நின்றான். ஜெனிஷா தடியை மாட்டினாள். கை பின்னால் போனது. பழக்கத்தில் மட்கார்டைத் தேடி, இடையிலேயே ரப்பரைக் கண்டுபிடித்து நின்றது. ஏறி உட்கார்ந்தாள். மூச்சுப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. இறங்கினாள். மறுபடி ஏறினாள். பள்ளிக்கூடப் பிள்ளை ஊஞ்சல் கண்டதுபோல் இன்னொரு தடவை இறங்கி ஏறினாள்.

"தோள்ல ஒரு வலி இருக்கும் எனக்கு, ராத்திரியில. வயசாகுதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள். வண்டியைக் கிளப்பி, சந்து முனைவரை போய்த் திரும்பி வந்தாள். முகத்தைப் பார்த்த நாகஜோதி, கேட்காமலே இன்னொரு சுற்று டீ போட்டாள்.

பேயாண்டிக்கு அன்று அளவு மட்டும் எடுத்தார்கள். அவர் கை நீளம், உயரம், ஏறும் பக்கம் எல்லாமே வேறு. அடுத்த ஞாயிறு கைப்பிடியைச் செய்து, பேருந்தில் எடுத்துக்கொண்டு வாடிப்பட்டிக்குப் போய், அவர் வீட்டு வாசலிலேயே ஜூடு மாட்டிக் கொடுத்தான்.

இரண்டு வண்டியையும் மாற்றிக் கட்டிக் கொடுத்தது ஒரே வெளியூர்ப் பட்டறைதான். ஜெனிஷா அங்கே போன் செய்தாள். எடுத்தவுடன் அந்த முதலாளி, "மட்கார்டு மேல யாரும்மா கை வெக்கச் சொன்னது?" என்றார். ஜெனிஷா கோபப்படவில்லை. "ஒரு கால இறுக்கிக் கட்டிக்கிட்டு உங்க வண்டியில நீங்களே ஏறிப் பாருங்க சார். அப்புறம் பேசுவோம்" என்று சொல்லி வைத்துவிட்டாள். இரண்டு வாரத்தில் அவரே காளவாசலுக்கு வந்தார். கட்டிப் பார்த்தாரா, விழுந்தாரா என்று யாரும் கேட்கவில்லை. கைப்பிடியைக் குனிந்து பார்த்து, போனில் படம் எடுத்து, எந்தச் சட்டத்தில் பற்றவைத்தது என்று ஜூடுவிடம் விவரமாகக் கேட்டுக்கொண்டு போனார். ஏப்ரலில் அவரிடமிருந்து வந்த ஒரு வண்டியைப் பேயாண்டி சோழவந்தானில் பார்த்தாராம். இரண்டு பக்கமும் கைப்பிடி இருந்ததாம்.

பள்ளி திறந்த ஜூன் மாதத்தில், மழை ஒன்று பெய்து ஓய்ந்த அதிகாலையில், ஜூடு மறுபடி வாடிப்பட்டிக்குப் போனான். நான்கு மாதம் ஓடிய கைப்பிடியும் பட்டையும் எப்படி இருக்கின்றன, ஒரு சுற்றில் பேயாண்டி எத்தனை தடவை ஏறி இறங்குகிறார் என்று பார்த்துவர ஜெனிஷாதான் அவனை அனுப்பியிருந்தாள். பேயாண்டி அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பால் எடுக்கக் கிளம்பினார். வாய்க்கால் கரையோரமாக வீடு வீடாக நின்றார்கள். ஒவ்வொரு வீட்டிலும் இறங்கினார், பாலை அளந்தார், கேனில் ஊற்றினார், ஏறினார். கை போவதும் உடம்பு எழும்புவதும் தெரியாதபடி சுளுவாக நடந்தது. ஜூடு ஒவ்வொரு தடவையும் கீழே இறங்கி நின்று, குனிந்து பட்டையைப் பார்த்தான். அது அசையவே இல்லை.

"என்னப்பா, பால்ல தண்ணி ஊத்துறேனான்னு பாக்க வந்த ஆபீசர் மாதிரியே குனிஞ்சு குனிஞ்சு பாக்குற? எல்லாரும் பயப்படுறாய்ங்க" என்றார் பேயாண்டி.

விடிவதற்குள் அத்தனை வீடுகளையும் முடித்து, யார் வீட்டு மாடு சினையாக இருக்கிறது, யார் வீட்டுப் பிள்ளைக்கு இன்று பள்ளிக்கூடம் என்று ஒவ்வொரு வாசலிலும் ஒரு வார்த்தை விசாரித்து, சொட்டுப் பால் சிந்தாமல் பண்ணை வாசலில் கொண்டுபோய் வண்டியை நிறுத்திய அந்த மனிதரை ஜூடு பார்த்துக்கொண்டே இருந்தான். இத்தனை வேலையையும் இவர் உடைகிற மட்கார்டை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் செய்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டான். மண்ணெண்ணெய் தடவி, சாக்பீஸ் தூவிப் பார்த்தான். ஒரு கோடும் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் ஜெனிஷாவுக்கு போன் செய்தான். முதல் வகுப்புக்கு மணி அடிக்கும் சத்தம் பின்னால் கேட்டது.

"சுத்தமா இருக்கு டீச்சர். ஒரு கீறல் இல்ல."

"ஒரு சுத்துக்கு எத்தன தடவ ஏறி எறங்குறாரு?"

ஜூடு விழித்தான். "எண்ணலயே டீச்சர். பேசிக்கிட்டே வந்தோம்."

"எண்ணிட்டு வாங்கன்னுதான தம்பி அனுப்புனேன்!"

"அடுத்த வாரம் மறுபடி போறேன் டீச்சர். அண்ணன் வீட்டுல பணியாரம் சுடுறாங்களாம், வரச் சொல்லியிருக்காரு."

"அப்ப நானும் வாரேன். என் வண்டியிலயே போயிருவோம்" என்றாள் ஜெனிஷா. பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொல்லும் சத்தம் போனில் கேட்டது.